கிளாப் விடைபெற்ற ஞாயிறும் அதன் அக்கம்பக்கமும்

மே 17, 2024, வெள்ளி: பர்க்கன்ஹெட்

லிவர்பூல் கால்பந்துக் கழகத்தின் பயிற்சியாளர் யூர்கன் கிளாப், இந்தப் பருவம் முடிந்ததும் விலகிக்கொள்வதாகக் கடந்த ஜனவரி 26ஆம் தேதி கழகம் வெளியிட்ட காணொளியில் அறிவித்தார். ஒப்பந்தம் 2026 வரை இருந்தது. எந்தச் சண்டையும் இல்லை, எவரும் அவரைப் போகச் சொல்லவும் இல்லை. தன்னிடம் சக்தி தீர்ந்துகொண்டு வருகிறது என்பதுதான் அவர் சொன்ன காரணம். அன்று மாலையே, பருவத்தின் கடைசி ஆட்டம் நடக்கவிருந்த மே 19ஐ ஒட்டி, ஆடுகளத்துக்கு நடந்து போகும் தூரத்தில் இரவுக்கு எழுபது பவுண்டு வாடகையில் ஓர் அறையைப் பதிவு செய்தேன். ஏப்ரலில் அந்த வீட்டின் உரிமையாளர், பராமரிப்பு வேலை என்று ஒற்றை வரி எழுதிப் பதிவை ரத்து செய்துவிட்டார். அடுத்த வாரம் அதே அறை, அதே மஞ்சள் திரைச்சீலையோடு, முந்நூற்றுப் பத்துப் பவுண்டுக்கு மீண்டும் வாடகைக்கு வந்திருந்தது. பராமரிப்பு எதில் நடந்தது என்பது விலையைப் பார்த்தபோதுதான் விளங்கியது.

ஆகவே நான் தங்கியிருப்பது லிவர்பூலில் அல்ல, மெர்சி ஆற்றின் எதிர்க்கரையில் இருக்கும் பர்க்கன்ஹெட்டில். ஆற்றுக்கு அடியில் 1886இல் திறக்கப்பட்ட சுரங்கப்பாதையில் இன்றும் ரயில் ஓடுகிறது. ஹாமில்டன் சதுக்கத்தில் ஏறி உட்கார்வதற்குள் லிவர்பூல் கரையின் ஜேம்ஸ் தெரு நிலையம் வந்துவிடுகிறது. பர்மிங்ஹாமில் வேலை பார்க்கும் எனக்கு லிவர்பூல் புதிய ஊர் அல்ல. ஆனால் எதிர்க்கரையிலிருந்து அந்த ஊரை நான் பார்த்ததில்லை. மேகம் கவிந்த மாலையில், ராயல் லிவர் கட்டடத்தின் உச்சியில் நிற்கும் இரண்டு செம்புப் பறவைகளும் இங்கிருந்து தெளிவாகத் தெரிந்தன.

வீட்டுக்கார அம்மையாருக்கு அறுபத்தைந்து வயது இருக்கலாம். நான்காம் நிலைப் போட்டியில் ஆடும் உள்ளூர்க் கழகமான டிரான்மியர் ரோவர்ஸின் தீவிர ஆதரவாளர். லிவர்பூல் ரசிகர்களுக்கு அறை கொடுப்பதை ஒரு தரும காரியமாகக் கருதுகிறார். நான் எதற்காக வந்திருக்கிறேன் என்று அறிந்ததும், தேநீரை என் முன்னால் வைத்துவிட்டு, "உங்கள் ஆள் ஒழுங்காகப் போகிறார். ஷாங்க்லிக்கு அது வாய்க்கவில்லை" என்றார். சிறுமியாக இருந்தபோது டிரான்மியரின் ஆடுகளத்தில் ஷாங்க்லியைப் பார்த்திருக்கிறாராம். லிவர்பூலைக் கட்டி எழுப்பிய பில் ஷாங்க்லி, 1974இல் பதவி விலகிய பின் சில காலம் டிரான்மியருக்கு ஆலோசனை சொல்லிவந்தார். அங்கே அப்போது பயிற்சியாளராக இருந்தவர், ஷாங்க்லியிடம் அணித் தலைவராக இருந்த ரான் யேட்ஸ். "அவ்வளவு பெரிய மனிதருக்கு எங்களைப் போன்ற சின்னக் கழகத்தில் என்ன வேலை? போக இடமில்லாமல்தான் வந்தார்" என்று அந்த அம்மையார் சொன்னபோது, அதில் பெருமையும் பரிதாபமும் சரிபாதியாக இருந்தன.

இரவு உணவுக்குத் தெருமுனைக் கடையில் சிப்ஸும் அதன்மேல் ஊற்றித் தரும் கறி சாஸும் வாங்கினேன். ஐந்து பவுண்டுக்குக் குறைவு. ஆங்கிலேயரின் கறி சாஸ், சாம்பாரில் யாரோ சர்க்கரையைக் கொட்டிவிட்டு மறைத்தது போல இருக்கும். ஆனால் ஆற்றுக் காற்றில் நின்று சூடாகத் தின்னும்போது குறை சொல்லத் தோன்றவில்லை. கடையில் சிப்ஸைப் பொட்டலம் கட்டிய இளம்பெண், நான் கேட்காமலேயே ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றி, ஞாயிற்றுக்கிழமை அழுவதற்குத் தெம்பு வேண்டும் என்றாள். அவளே லிவர்பூலின் உள்ளூர்ப் போட்டிக் கழகமான எவர்டனின் ரசிகையாம்.

மே 18, சனி: ஆன்ஃபீல்ட்

குவீன் சதுக்கத்திலிருந்து 17ஆம் எண் பேருந்து. எவ்வளவு தூரம் போனாலும் இரண்டு பவுண்டுதான். ஆட்டம் நாளைக்குத்தான் என்றாலும் பேருந்து நிறையச் சிவப்புச் சட்டைகள். நார்வேயிலிருந்து ஒரு குடும்பம், அயர்லாந்திலிருந்து மூன்று இளைஞர்கள், பின்னிருக்கையில் உள்ளூர்ப் பாட்டி ஒருவர். இவர்கள் யாரிடமும் நாளைய ஆட்டத்துக்குச் சீட்டு இல்லை, என்னிடமும் இல்லை. இது பேருந்து நகரத் தொடங்கிய பத்து நிமிடத்தில் தெரிந்துபோனது, ஏனெனில் இங்கே பக்கத்து இருக்கைக்காரரிடம் பேசாமல் பயணம் செய்வதுதான் மரியாதைக் குறைவு. பர்மிங்ஹாம் பேருந்தில் இதே கேள்விகளைக் கேட்டால் ஆளை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

ஆன்ஃபீல்ட் என்பது ஆடுகளத்தின் பெயராக உலகத்துக்குத் தெரியும். உண்மையில் அது ஒரு குடியிருப்புப் பகுதி, அதுவும் வசதி குறைந்த பகுதி. ஒட்டி ஒட்டி நிற்கும் செங்கல் வீடுகளின் வரிசை முடியும் இடத்தில், அறுபத்தோராயிரம் பேர் அமரக்கூடிய அரங்கம் திடீரென்று எழுந்து நிற்கிறது. சில வீடுகளின் பக்கச் சுவர்களில் இரண்டு மாடி உயரத்துக்கு ஆட்டக்காரர்களின் ஓவியங்கள். கிளாப்பின் ஓவியங்களுக்கு முன்னால் படம் எடுக்க வரிசை நின்றது. வரிசையை யாரும் ஒழுங்குபடுத்தவில்லை. தமக்கு முன்னால் நிற்பவருக்குப் படம் எடுத்துக் கொடுத்துவிட்டு, பின்னால் நிற்பவரிடம் தம் கைபேசியைக் கொடுப்பது என்று ஒரு முறை தானாகவே உருவாகியிருந்தது. எனக்குப் படம் எடுத்த ஐரிஷ்காரர் கிளாப்பின் தலையை வெட்டிவிட்டார். பற்கள் மட்டும் இருக்கின்றன. கிளாப்பை அடையாளம் காட்ட அது போதும்தான்.

ஆடுகளத்துக்கு எதிரே, மூடப்பட்டுக் கிடந்த ஒரு பழைய பேக்கரியை அப்பகுதி மக்களே கூட்டுறவாகச் சேர்ந்து மீட்டெடுத்து நடத்துகிறார்கள். ஹோம்பேக்ட் என்று பெயர். அங்கே கிடைக்கும் பை எனப்படும் இறைச்சி அடையின் மேல்தோல் மொறுமொறுப்பாக உடைந்து, உள்ளிருக்கும் குழம்பு மணிக்கட்டு வரை வழிகிறது. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெரியவர், முட்கரண்டியைத் தேடிய என்னைப் பார்த்து, அதெல்லாம் லண்டன்காரர்களுக்கு என்று தீர்ப்புச் சொன்னார். காகிதத்தைச் சுருட்டிப் பிடித்துக் கீழிருந்து மேலாகத் தின்னும் முறையையும் செய்து காட்டினார்.

ஆடுகளத்தில் காப் எனப்படும் ரசிகர் அரங்குக்கு வெளியே ஷாங்க்லியின் வெண்கலச் சிலை, இரு கைகளையும் விரித்து நிற்கிறது. மக்களை மகிழ்வித்தவர் என்பது அதன் பீடத்தில் பொறித்த வாசகம். இன்று அந்தச் சிலையின் காலடியில் கிளாப்பின் படம் போட்ட கழுத்துப்பட்டைகளைக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். நேற்று அந்த அம்மையார் சொன்னதைக் கேட்ட பிறகு, இந்தச் சிலையை வேறுவிதமாகத்தான் பார்க்க முடிந்தது.

ஷாங்க்லி 1959 டிசம்பரில் வந்தபோது லிவர்பூல் இரண்டாம் பிரிவில் கிடந்தது. மூன்று லீக் பட்டங்கள், இரண்டு எஃப்.ஏ. கோப்பைகள், ஒரு யூயெஃப்ஏ கோப்பை என்று கொண்டுவந்து சேர்த்தவர், 1974 ஜூலை 12 அன்று, நியூகாசிலை 3-0 என்று வென்று எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கிய இரண்டே மாதங்களில், திடீரென்று விலகினார். ஊருக்கு எந்த முன்னறிவிப்பும் இல்லை. தொலைக்காட்சிக்காரர்கள் தெருவில் போகிறவர்களை நிறுத்திச் செய்தியைச் சொன்னபோது, சிறுவர்கள் பொய் சொல்கிறீர்கள் என்று வாதாடினார்கள். விலகியவருக்கோ வீட்டில் இருக்க முடியவில்லை. மெல்வுட் பயிற்சிக் களத்துக்குத் தினமும் வந்து நின்றார். ஆட்டக்காரர்கள் பழக்க தோஷத்தில் அவரையே தலைவர் என்று அழைத்தார்கள். அடுத்து வந்த பாப் பெய்ஸ்லிக்கு அது தர்மசங்கடம். மெல்ல மெல்ல அவர் அங்கே வேண்டாத விருந்தாளியானார், மனம் நொந்தார். தெருவுக்குத் தெரு போட்டியுள்ள இந்த ஊரில், எவர்டன் கழகம் அவரை அன்போடு வரவேற்றது என்பது லிவர்பூல்காரர்களுக்கு இன்றும் தைக்கும் முள். 1981 செப்டம்பரில் காலமானார். அவருடைய அஸ்தியைத் தூவியது, அதே காப் அரங்கின் முன்னால் உள்ள கோல் கம்பத்துப் புல்லில்தான்.

பின்னாளில் பயிற்சியாளராக இருந்த கென்னி டால்கிளிஷ் 1991 பிப்ரவரியில் விலகியது இன்னும் கொடியது. 1989இல் ஹில்ஸ்பரோ ஆடுகளத்து நெரிசலில் இறந்த லிவர்பூல் ரசிகர்களின் சவ அடக்கங்களுக்கு ஒரே நாளில் நான்கு என்ற கணக்கில் போய் நின்ற மனிதர், எவர்டனுடன் 4-4 என்று முடிந்த ஓர் ஆட்டத்துக்கு இரண்டு நாள் கழித்து, இனி முடியாது என்று எழுந்துவிட்டார். முதன்மை அரங்கின் ஓரமாக, இறந்த 97 பேரின் பெயர்களைப் பொறித்த நினைவிடம் இருக்கிறது. அங்கே மட்டும் யாரும் படம் எடுப்பதற்கு வரிசை கட்டவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கடந்து போனார்கள்.

மதிய உணவு, நகரத்துக்குள் ஒரு சிறிய விடுதியில், ஸ்கவுஸ். மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயம் எல்லாம் கரையும் வரை வேகவைத்த கெட்டிக் குழம்பு. தொட்டுக்கொள்ளப் புளிப்பேறிய சிவப்பு முட்டைக்கோஸும் வெண்ணெய் தடவிய ரொட்டியும். ஒன்பது பவுண்டு. மிளகாய் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே தெரியாத சமையல் என்றாலும், முட்டைக்கோஸின் புளிப்பு ஊறுகாய்க்கு உரிய வேலையை ஓரளவு செய்துவிடுகிறது. இரண்டாவது முறை பரிமாற வந்தவர் காசு வாங்க மறுத்து, அவ்வளவு ஒல்லியாக இருந்தால் நாளை நெரிசலில் தாங்கமாட்டீர்கள் என்றார்.

மே 19, ஞாயிறு: ஆட்ட நாள்

காலையிலிருந்தே நல்ல வெயில். இந்த ஊர் வெயிலை நம்பி வந்தவர்கள் எல்லோரும் மாலைக்குள் தம் சட்டையின் நிறத்துக்கே வந்துவிட்டார்கள்.

ஆட்டம் மாலை நான்கு மணிக்கு. நண்பகலுக்கே வால்டன் பிரெக் சாலையில் நடக்க இடமில்லை. கழுத்துப்பட்டை பத்துப் பவுண்டு. நேரம் ஆக ஆகப் பன்னிரண்டு, பதினைந்து என்று ஏறியது. ஒரு முனையில் ஊதா நிற வேன் நிற்க, அதனருகே டப்பா உணவுகளையும் பாஸ்தா பொட்டலங்களையும் கொண்டுவந்து போட்டுக்கொண்டிருந்தார்கள். லிவர்பூல், எவர்டன் இரு தரப்பு ரசிகர்களும் 2015இல் சேர்ந்து தொடங்கிய உணவு வங்கி அமைப்பு அது. பக்கத்துக் கடையில் இரண்டு தக்காளிச் சூப் டப்பாக்களை வாங்கி நானும் போட்டேன். வாங்கிக்கொண்ட இளைஞர் எவர்டனின் நீலச் சட்டை அணிந்திருந்தார். இந்த நாளில், இந்தத் தெருவில், அந்தச் சட்டையோடு நிற்க அவருக்குத் துணிச்சல் தேவைப்படவில்லை.

கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே ஒருவர் என் காதருகே வந்து, சீட்டு வேண்டுமா என்று கேட்டு ஒரு தொகையைச் சொன்னார். அது என் ஒரு மாத வீட்டு வாடகை. நான் சிரித்ததும் அவரும் சிரித்துவிட்டார். இந்தக் கழகத்தின் ரசிகர்களுக்குச் சீட்டு விலை சிரிப்புக்குரிய விஷயம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 2016 பிப்ரவரியில் எழுபத்தேழு பவுண்டு சீட்டை எதிர்த்து, சண்டர்லாந்துடனான ஆட்டத்தின் 77ஆவது நிமிடத்தில் ஆயிரக்கணக்கானோர் எழுந்து வெளியேறினார்கள், உரிமையாளர்கள் பணிந்தார்கள். இந்த ஏப்ரலில், விலை உயர்வைக் கண்டித்து, காப் அரங்கில் அட்டலான்டாவுடனான ஆட்டத்துக்குக் கொடிகளே ஏறவில்லை. கிளாப் இருக்கும்போதே நடந்தவை இவை. ஆசான்மேல் வைத்த அன்பை முதலாளிமேல் வைத்த அன்பாக எண்ணிக் குழம்பியவர்கள் இங்கே யாரும் இல்லை.

அணியின் பேருந்து வந்தபோது சாலை முழுவதும் சிவப்புப் புகை. கண் எரிந்தது, பேருந்து கண்ணில் படவே இல்லை. ஆனாலும் என் முன்னால் தந்தையின் தோளில் உட்கார்ந்திருந்த சிறுமி, கிளாப் தன்னைப் பார்த்துக் கையசைத்ததாகச் சத்தியம் செய்தாள்.

ஆட்டத்தைப் பார்த்தது ஆடுகளத்திலிருந்து இரண்டு தெரு தள்ளிய ஒரு மதுக்கடையில். நுழைவுக் கட்டணம் ஐந்து பவுண்டு, அதற்கு ஒரு கோப்பை பியர். பெரிய திரை ஒன்று, சின்னத் திரை மூன்று. சின்னத் திரைகளில் படம் இரண்டு நொடி பிந்தி வந்ததால் ஒவ்வொரு கோலையும் இரண்டு முறை கொண்டாடினோம். ஆடுகளத்தின் உண்மையான இரைச்சலோ திறந்த கதவு வழியாகத் திரைக்கு முன்பே வந்துவிடுகிறது. இந்தக் கடையில் யாரையும் எதுவும் ஆச்சரியப்படுத்த முடியாது.

என் மேசையில் ஒரு பெரியவர், அவருடைய மகள், நான். மகளுக்கு நாற்பது வயது இருக்கும். 2020இல் முப்பது ஆண்டுக்குப் பிறகு லீக் பட்டம் வந்தபோது ஊரடங்கு. கோப்பையை ஆளற்ற காப் அரங்கில் நின்று தூக்கினார்கள். அந்த வசந்தத்தில் தன் தாயைத் தொற்றுக்குப் பறிகொடுத்த அவர், பட்டம் வந்த இரவில் தந்தையின் வீட்டு வாசலில் இரண்டு மீட்டர் தள்ளி நின்று பேசிவிட்டுத் திரும்பியிருக்கிறார். "அன்றைக்குப் பாட வேண்டிய பாட்டெல்லாம் பாக்கி இருக்கிறது. இன்றைக்குத் தீர்த்துவிடுவேன்" என்றார், தீர்த்தும் விட்டார். கடைக்குள் பலருக்கும் இதே கணக்கு இருந்ததை, பாட்டுக்களின் வரிசையிலிருந்து அறிந்துகொள்ள முடிந்தது. பாதிப் பாட்டுகள் அந்தப் பட்டத்தைப் பற்றியவை.

நான் இந்தக் கழகத்தைப் பற்றிக்கொண்டது 2005இல், திருச்சியில் கல்லூரி விடுதியின் பொது அறையில், நள்ளிரவு பன்னிரண்டேகாலுக்குத் தொடங்கி, லிவர்பூல் மீண்டெழுந்து வென்ற இஸ்தான்புல் சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் என்று சொன்னேன். இடைவேளையில் 3-0 என்று மிலன் முன்னணியில் இருந்தபோது தூங்கப் போனீர்களா என்பதுதான் பெரியவரின் முதல் கேள்வி. இல்லை என்றதும் எழுந்து கை குலுக்கினார்.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பட்டம் கை நழுவி வெகு நாளாயிற்று. மூன்றாம் இடம் உறுதி. வேறோர் ஆடுகளத்தில், பட்டத்தை நெருங்கியிருந்த மான்செஸ்டர் சிட்டி பதினெட்டு நிமிடத்துக்குள் இரண்டு கோல் போட்டுவிட்டது என்ற செய்தி வந்தபோது ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. வந்திருந்த வுல்வ்ஸ் அணியின் செமேடோ 28ஆவது நிமிடத்தில் சிவப்பு அட்டை வாங்கினார். காணொளி நடுவர் முறையையே ஒழிக்க வேண்டும் என்று அந்தக் கழகம் தீர்மானம் கொடுத்த அதே வாரத்தில், அந்த முறையாலேயே அவர்களுடைய ஆள் வெளியேறியதைக் கண்டு கடையே குலுங்கியது. லிவர்பூலுக்கு 34ஆவது நிமிடத்தில் மக் அலிஸ்டர் ஒரு கோல், 40ஆவது நிமிடத்தில் குவான்சா ஒன்று. 2-0. இடைவேளைக்குப் பிறகு பந்தைவிடக் கிளாப்பைத்தான் ஒளிப்படக்கருவிகள் துரத்தின.

அந்த இரண்டாம் பாதியில்தான் பெரியவர் பேசினார். 1974இல் அவருக்குப் பத்தொன்பது வயது, துறைமுகத்தில் வேலை. செய்தியைக் கேட்டதும் ஆட்கள் சரக்கைப் போட்டது போட்டபடி நின்றுவிட்டார்களாம். அவரை உறுத்துவது விலகல் அல்ல, அதன் பிறகு நடந்தது. "நாங்கள் அவரிடம் நன்றி சொல்லவே இல்லை. சொல்ல ஒரு நாள் கொடுக்கவில்லை. அடுத்த மாதமே வேறு ஒருவர் அந்த இடத்தில் உட்கார்ந்து ஜெயிக்கத் தொடங்கிவிட்டார். ஜெயித்துக்கொண்டிருக்கும்போது யாருக்குப் பழைய ஆளை நினைக்க நேரம்?" என்றார். பெய்ஸ்லி மூன்று ஐரோப்பியக் கோப்பைகளை வென்றதைக் குறை சொல்லவில்லை; தாமும் ரோமாபுரிக்குப் போய்க் கத்தியவர்தான் என்று உடனே சேர்த்துக்கொண்டார். கிளாப் ஜனவரியிலேயே சொல்லிவிட்டதைச் சிலர் திட்டுகிறார்கள், அதனால்தான் அணி ஏப்ரலில் சரிந்தது என்கிறார்கள். அவருக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு பட்டம் போனால் போகட்டும், நான்கு மாதம் கிடைத்ததே என்பது அவர் கட்சி.

எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. வருவதற்கு முன் நான் எதிர்பார்த்தது ஓர் இழவு வீட்டை. நாளிதழ்களும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தன. இங்கே நடந்ததோ அனுப்பிவைக்கும் சடங்கு. ஐம்பது ஆண்டுக்கு முன் செய்யத் தவறியதை, அன்றைக்குப் பிறந்தே இராதவர்களும் சேர்ந்து முறையாகச் செய்துகொண்டிருந்தார்கள். கண்ணீர் இருந்தது, நிறையவே இருந்தது. கோபம் மருந்துக்கும் இல்லை.

ஆட்டம் முடிந்தபின் யாரும் கலையவில்லை. ஆட்டக்காரர்களும் ஊழியர்களும் இருபுறமும் அணிவகுத்து நிற்க, கிளாப் நடுவே நடந்து வந்தார். நீ ஒருபோதும் தனியே நடக்கமாட்டாய் என்ற கழகப் பாட்டை ஒட்டி, இனி நான் ஒருபோதும் தனியே நடக்கமாட்டேன் என்று முதுகில் எழுதிய சிவப்பு மேலாடை. ஆட்டக்காரர்கள் தியாகோவும் மட்டிப்பும் அன்றே விடைபெற்றார்கள். மட்டிப்புக்குக் கடையில் தனிக் கைதட்டல். பிறகு கிளாப் ஒலிவாங்கியை எடுத்தார். சந்தேகப்பட்டவர்களை நம்புகிறவர்களாக மாற்றியது நான் என்று சொல்கிறார்கள், அது உண்மையல்ல, நம்பியது நீங்கள் என்ற பொருளில் பேசினார். 2015 நவம்பரில் கிரிஸ்டல் பேலஸிடம் ஒரு கோல் பின்தங்கியதும் ரசிகர்கள் ஆட்டம் முடியும் முன்பே கிளம்பிப் போக, தான் தனியாக விடப்பட்டதாக உணர்ந்தேன் என்று சொன்ன அதே மனிதர். அடுத்த மாதம் வெஸ்ட் பிராமுடன் கடைசி நொடிகளில் 2-2 என்று சமன் செய்ததற்கே ஆட்டக்காரர்களின் கையைக் கோத்து காப் அரங்கின் முன் கொண்டுபோய் நிறுத்தியபோது, நாடே கேலி செய்தது. கேலி செய்தவர்கள் எதைப் பார்க்கத் தவறினார்கள் என்பது 2019இல், பார்சிலோனாவிடம் 3-0 தோற்றுவிட்டு வந்து இங்கே 4-0 என்று திருப்பியடித்த இரவில் தெரிந்தது.

பேச்சின் முடிவில் கிளாப் செய்ததை ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. தம் இடத்துக்கு வரப்போகிற ஹாலந்துக்காரர் ஆர்னே ஸ்லாட்டின் பெயரைத் தாமே பாட்டாகப் பாடத் தொடங்கினார். ஆடுகளம் ஒரு கணம் திகைத்தது, பிறகு சேர்ந்துகொண்டது. கடைக்குள்ளும் பாடினார்கள், சிலர் தயங்கி, சிலர் கோப்பையை உயர்த்தி. பெரியவர் பாடவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே, மேசையைக் கையால் இரண்டு முறை தட்டி, "இதுதான். பாபுக்கு இதை யாராவது செய்திருக்க வேண்டும்" என்றார். ஷாங்க்லியின் குறையை மட்டுமே பேசிக்கொண்டிருந்தவர் பெய்ஸ்லியின் பக்கத்திலிருந்தும் யோசித்திருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. போகிறவர் பாதையை விட்டு விலகி நின்றால்தான் வருகிறவர் நடக்க முடியும். அதைத் தம் வாயாலேயே பாடி முடித்துவைத்தார் கிளாப்.

அதன் பின் சின்னத் திரையில் மான்செஸ்டர் சிட்டியின் பயிற்சியாளர் குவார்டியோலா. பட்டம் வென்ற மகிழ்ச்சியில் இருக்க வேண்டியவர், கிளாப்பைப் பற்றிக் கேட்டதும் கண் கலங்கினார். மான்செஸ்டர்காரரைக் கண்டால் எறிவதற்கு எதையாவது தேடும் அந்தக் கடையில், யாரோ அவருக்கும் ஒரு பியர் சொல்லுங்கள் என்று கத்தினார்கள்.

ஜேம்ஸ் தெருவில் கடைசி ரயிலைப் பிடிக்க ஓட வேண்டியிருந்தது. வீட்டுக்கார அம்மையார் விழித்திருந்து ரொட்டியும் பன்றித்தொடைக் கறியும் எடுத்து வைத்திருந்தார். தொலைக்காட்சியில் பார்த்தாராம். அழவில்லை என்று அவராகவே அறிவித்தார்.

மே 20, திங்கள்: திரும்பும் வழி

காலையில் லைம் தெரு நிலையத்துக்கு வாடகைக் காரில் போனேன். ஓட்டுநர் எவர்டன்காரர். ஒன்பது பருவங்களில் கிளாப் எவர்டனிடம் தோற்றது இரண்டே முறை. அதில் ஒன்று சென்ற மாதம், எவர்டனின் அன்றைய ஆடுகளமான குடிசன் பார்க்கில், 2-0. அந்த ஒரு வெற்றியைச் சாலை நெரிசல் முழுவதற்கும் நீட்டி, ஒவ்வொரு கோலாகச் சொல்லிக்கொண்டு வந்தார். லிவர்பூலின் பட்டக் கனவை முடித்த பெருமை தங்களுக்குத்தான் என்றார். அந்த மனிதரைப் பிடிக்குமா என்று கேட்டேன். "போகிறார் என்பதால் பிடிக்கிறது" என்றவர், நிலையத்தில் இறங்கும்போது ஒரு பவுண்டு குறைத்து வாங்கிக்கொண்டு, துக்கத்துக்குத் தள்ளுபடி என்றார்.

ரயில் நாற்பது நிமிடம் தாமதம். நடைமேடை எண் இரண்டு முறை மாறியது. பாதிப்பேர் தலைவலியோடு ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்தார்கள். காபி நான்கு பவுண்டு, குடிக்க முடியவில்லை. கிளம்பிய பிறகு, ஆர்னே ஸ்லாட்டின் நியமனம் குறித்த அதிகாரபூர்வ அறிவிப்பு கைபேசிகளில் வந்தது. ஃபெயனூர்ட் கழகத்திலிருந்து வருகிறார், ஜூன் முதல் பொறுப்பு. எதிர் இருக்கையில் ஒரு தந்தையும் பதின்ம வயது மகனும். மகனின் கழுத்தில் நேற்று வாங்கிய பட்டை, அதில் கிளாப்பின் சிரிப்பு.

அறிவிப்பை மகன் உரக்கப் படித்தான். தந்தை முழுவதையும் கேட்டுவிட்டு, நடுக்களத்தில் தற்காப்புக்கு ஓர் ஆள் இல்லாமல் இவர் என்ன செய்துவிடுவார் என்று தொடங்கினார். எண்டோ இருக்கிறாரே என்றான் மகன். எண்டோவுக்கு முப்பத்தொன்று என்றார் தந்தை. குரூ நிலையம் வரை எண்டோ, அதன் பிறகு சலாவின் ஒப்பந்தம், ஸ்டாஃபர்டில் இடப்பக்கத் தடுப்பாட்டம். வுல்வர்ஹாம்ப்டனில் வுல்வ்ஸின் பொன்னிறச் சட்டை அணிந்த ஒருவர் ஏறி, காலி இடம் தேடி அந்தப் பட்டையைப் பார்த்து ஒரு கணம் தயங்கி, பிறகு அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து, அந்தச் சிவப்பு அட்டை அநியாயம் என்று வாதத்தில் சேர்ந்துகொண்டார்.